‘ஆய்வு இல்லை’ என்னும் முடிவும் தேடற்குறிகளும்: சயாம் மரண இரயில் பற்றிய நூலகத் தேடலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழாய்வேடுகளின் முதல் இயலில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்றொரு பகுதி இடம்பெறுவது மரபு. அப்பகுதி பெரும்பாலும் ஒரே வகைத் தொடரோடு முடிவதை நாம் அடிக்கடி காண்கிறோம். ‘இத்தலைப்பில் இதுவரை விரிவான ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை’ என்பதே அத்தொடர். ஆய்வின் தேவையை நிறுவும் பொறுப்பு முழுவதையும் அந்த ஒற்றைத் தொடரே சுமக்கிறது. ஆயினும், அந்த முடிவுக்கு ஆய்வாளர் எவ்வாறு வந்தார், எந்த நூலகத்தில் எச்சொற்களை இட்டுத் தேடினார் என்னும் குறிப்பு அரிதாகவே காணப்படுகிறது. ஒரு சொல்லைத் தேடற்பெட்டியில் இட்டு, விடை வாராதது கண்டு, ‘இல்லை’ என எழுதிவிடுவது ஆய்வு நெறியாகாது.

நூலகத் தரவுத்தளங்களில் பயன்படும் தேடற்குறிகள் தமிழ்ச் சொற்களின் மேல் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை மதிப்பிடுவதும், அவற்றை அறியாமையால் நம் ஆய்வு முடிவுகளில் நேரும் பிழையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். எடுத்துக்காட்டுக்காக ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது சயாம் மரண இரயில். 1942இலும் 1943இலும் சப்பானியப் படையினர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதையை அமைத்தனர். நேச நாட்டுப் போர்க்கைதிகளைக் காட்டிலும் மிகுதியான ஆசியத் தொழிலாளர்கள் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். போர்க்கைதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்துள்ளன. தமிழரைப் பற்றிய பதிவுகளைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது. ஆகவே, இங்கே தேடலில் நேரும் பிழை அம்மக்களின் நினைவை இரண்டாம் முறையாக மறைக்கும் பிழையாகிவிடுகிறது.

‘உம்’மையும் இயந்திரமும்

ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணிதவியலார் 1854இல் வெளியிட்ட நூலில், சிந்தனையின் விதிகளைக் கணிதக் குறிகளால் விளக்க முற்பட்டார். இன்றைய தரவுத்தளங்களில் வழங்கும் மூன்று இணைப்புச் சொற்கள் அவர் வகுத்த தருக்கத்தின் வழிவந்தவை. அவற்றைத் தமிழில் ‘உம்’, ‘அல்லது’, ‘தவிர’ எனக் குறிக்கலாம். பெரும்பாலான தளங்களில் இவற்றை ஆங்கிலச் சொற்களாகவே இட வேண்டும். சில தளங்களில் பேரெழுத்தில் இட்டாலன்றி அவை செயற்படா. இக்கட்டுரையில் விளக்கம் கருதித் தமிழ்ப் பெயர்களையே ஆள்கிறோம்.

இவற்றுள் முதற்கண் இடறுவது ‘உம்’ ஆகும். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது. இயந்திரம் அறிந்ததோ ஒன்றே: இரு சொல்லும் ஒரே பதிவில் உடன் இருத்தல். ‘சயாம் பற்றிய நூல்களும் பர்மா பற்றிய நூல்களும் வேண்டும்’ என்று நூலகரிடம் கேட்டால், அவர் இரு தொகுதிகளையும் கொணர்ந்து வைப்பார். அதே உம்மையைத் தரவுத்தளத்தில் இட்டால், இரு பெயரும் ஒருங்கே இடம்பெற்ற சில பதிவுகள் மட்டுமே வரும். நாம் எண்ணும்மையாகக் கருதியதை இயந்திரம் ‘கவிஞரும் ஆசிரியருமான ஒருவர்’ என்பதிற்போல ஒருவரிடத்தே இரு பண்பும் கூடியதாகக் கொள்கிறது. எனவே, நாம் பேச்சில் உம்மையால் சேர்க்கும் இடங்கள் பலவற்றில் இயந்திரத்திடம் ‘அல்லது’ எனக் கூற வேண்டும். இவ்வொன்றை மாணவர்க்கு உணர்த்தினாலே தேடலின் பாதிக் குறை நீங்கும்.

‘தவிர’ என்பதை இன்னும் விழிப்போடு கையாள வேண்டும். மரண இரயில் பற்றித் தேடும் மாணவர், போர்க்கைதிகள் பற்றிய நூல்களே திரளாக வருவதைக் கண்டு சலிப்புற்று, ‘தவிர போர்க்கைதி’ எனச் சேர்க்கக்கூடும். விடைகளின் தொகை உடனே குறையும். தேடல் துல்லியமாகிவிட்டதைப் போன்ற தோற்றமும் எழும். ஆனால், போர்க்கைதிகளின் நிலையையும் ஆசியத் தொழிலாளரின் நிலையையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வுகளும் அவற்றோடு நீங்கிவிடும். அம்மாணவர்க்கு முதன்மையாக வேண்டியவை அவையே. நீக்கப்பட்டவை திரையில் தோன்றாமையால், இழந்தது இன்னதென்றும் அவர் அறியார்.

அடைப்புக்குறியின் தேவையும் இங்கே எழுகிறது. ‘சயாம் அல்லது பர்மா உம் தமிழர்’ எனக் குறியின்றி இட்டால், பல தளங்கள் உம்மையை முதலில் கொண்டு, ‘பர்மாவும் தமிழரும்’ உடனிருக்கும் பதிவுகளோடு சயாம் பற்றிய எல்லாப் பதிவுகளையும் சேர்த்துவிடும். சில தளங்கள் இடமிருந்து வலமாகச் செல்லும். ‘(சயாம் அல்லது பர்மா) உம் தமிழர்’ என்று அடைத்துக் கூறினால், அடைப்புக்குறியை ஏற்கும் தளங்களில் ஐயத்திற்கு இடமில்லை.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

தேடற்குறிகளை அறிவது ஒரு கூறு. அவற்றால் இணைக்க வேண்டிய சொற்களை அறிவது மறுகூறு. பின்னதில்தான் தமிழாசிரியரின் மொழியறிவு பயன்படுகிறது. நாம் எடுத்துக்கொண்ட பொருளின் பெயர்களை நோக்குவோம். சயாம் என்றும் சியாம் என்றும் எழுதுவர். அந்நாடு 1939இல் தாய்லாந்து எனப் பெயர் மாறியது. பர்மா 1989 முதல் மியன்மார் எனப்பட்டது. ரயில், இரயில், ரெயில் என எழுத்து வேறுபடும். புகைவண்டி, தொடர்வண்டி எனவும் வழங்கும். இலங்கைத் தமிழில் புகையிரதம், தொடருந்து என்னும் சொற்கள் உண்டு. அங்குச் சென்றவர்களைத் தொழிலாளர் என்று ஒருவர் எழுதுவார். கூலிகள் என்று மற்றொருவர் எழுதுவார். சப்பானிய வழக்கைப் பின்பற்றி ‘ரோமுஷா’ என்று வேறொருவர் எழுதுவார். ஆங்கிலப் பதிவுகளிலும் இத்தொல்லை உண்டு. ‘லேபர்’ என்னும் சொல்லைப் பிரிட்டானியர் ‘யு’ என்னும் எழுத்தோடும் அமெரிக்கர் அஃதின்றியும் எழுதுவர். ஒரு வடிவத்தை மட்டும் இடுபவர் மற்றவற்றை இழக்கிறார்.

ஆகவே, இடப்பெயர்களை ஒரு தொகுதியாகவும், ஊர்தியின் பெயர்களை ஒரு தொகுதியாகவும், மக்களைக் குறிக்கும் பெயர்களை ஒரு தொகுதியாகவும் கொண்டு, தொகுதிக்குள் ‘அல்லது’ என்பதாலும் தொகுதிகளுக்கிடையே ‘உம்’ என்பதாலும் இணைத்தல் வேண்டும். முதலில் இரு தொகுதிகளோடு தேடி, விடைகள் மிகுந்தால் மூன்றாவதைச் சேர்ப்பது நன்று. தொடக்கத்திலேயே மூன்றையும் இட்டால் சுருக்கமாக எழுதப்பட்ட பதிவுகள் விடுபடும்.

உடுக்குறியும் புள்ளியும்

சொல்லின் இறுதியில் உடுக்குறி (*) இட்டால், அச்சொல்லில் தொடங்கும் எல்லா வடிவங்களும் வரும் என்பது பொதுவிதி. ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட கையேடுகள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. தமிழில் இவ்விதி எதிர்பாராத விளைவைத் தருகிறது.

‘ரயில்*’ என இட்டால் ரயில்கள், ரயில்பாதை ஆகியவை கிட்டும். ரயிலில், ரயிலை, ரயிலுக்கு ஆகியவை கிட்டா. காரணம் ஒருங்குறியின் அமைப்பில் உள்ளது. தமிழிலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும் என்கிறது. ஒருங்குறியோ அகரம் ஏறிய ‘ல’ என்பதையே அடிப்படையாகக் கொள்கிறது. ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும், ‘லி’ என்பது ‘ல’வும் இகரக்குறியும். ஆதலால் ‘ரயில்’ என முடித்தால், இயந்திரம் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொண்டு, புள்ளி நீங்கிய வடிவங்களை ஒதுக்கிவிடுகிறது. குறியீட்டு வரிசையை நேராக ஒப்பிடும் தளங்களில் ‘ரயில*’ எனப் புள்ளி நீக்கி இட்டால் ரயில், ரயில்கள், ரயிலில், ரயிலை அனைத்தும் வரும். அவ்வாறே ‘தொழிலாளர்*’ என்பதினும் ‘தொழிலாள*’ என்பது சிறந்தது. அது தொழிலாளி, தொழிலாளர், தொழிலாளரின் ஆகிய மூன்றையும் தழுவும்.

ஆயினும், சுருக்குவதற்கும் எல்லை உண்டு. மகர ஈற்றுப் பெயர்கள் அத்துச்சாரியை பெறுவதால், ‘சின்னம்’ என்பதன் வேற்றுமை வடிவங்களைப் பெற ‘சின்ன*’ என இட நேரும். அப்போது சின்ன, சின்னசாமி முதலியவையும் கலந்து வரும். இத்தகைய இடங்களில் ‘சின்னம் அல்லது சின்னத்த*’ என இரு வடிவங்களை இடுவதே தக்கது. நெடில் தொடர்க் குற்றியலுகரத்திற்கும் இது பொருந்தும்: ‘நாட*’ என்பது நாடகத்தையும் இழுத்து வரும், ‘நாடு அல்லது நாட்ட*’ என்பது வேண்டியதற்கு நெருக்கமாக அமையும். புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் தம்மை அறியாமலே தேடற்கலைக்கும் அடிப்படை கற்பிக்கிறார் எனலாம்.

சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கம் மற்றொரு இடர். ‘மரண ரயில்’ என்னும் தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டால், ‘மரணரயில்’ எனச் சேர்த்து எழுதிய பதிவு வாராது. சேர்த்தெழுதிய சொல்லின் பின்பகுதியைத் தேட, சொல்லின் முன்னே உடுக்குறி இட வேண்டும். அதனைப் பல தளங்கள் ஏற்பதில்லை. எனவே இரு வடிவங்களையும் ‘அல்லது’ கொண்டு இணைக்க வேண்டும். மேலும், ‘தொ’ போன்ற எழுத்தின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளாத தளம் அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், தமிழ் வரிவடிவில் தேடுவதற்குரிய வாய்பாடு பின்வருமாறு அமையும்:

(சயாம* அல்லது சியாம* அல்லது தாய்லாந்த* அல்லது பர்மா*) உம் (ரயில* அல்லது இரயில* அல்லது ரெயில* அல்லது மரணரயில* அல்லது தொடருந்த* அல்லது புகையிரத*)

உரோமன் எழுத்தில் மறைந்த தமிழ்

தமிழ் வரிவடிவில் தேடியதோடு கடமை முடிவதில்லை. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் முதலிய பெருநூலகங்களின் தமிழ்ப் பதிவுகள் நெடுங்காலமாக உரோமன் எழுத்துப்பெயர்ப்பிலேயே அமைந்தன. தமிழ் வரிவடிவையும் இணையாகத் தரும் புலம் நூற்பட்டியல் அமைப்பில் உண்டெனினும், பழைய பதிவுகள் பலவற்றில் அது நிரப்பப்படவில்லை.

அவ்வெழுத்துப்பெயர்ப்பு ஒலியைப் பின்பற்றாது எழுத்தைப் பின்பற்றுவது. சகரம் எவ்விடத்தும் ஆங்கில ‘சி’ எழுத்தால் குறிக்கப்படும். ‘எஸ்’ எழுத்தால் அன்று. ககரம் எவ்விடத்தும் ‘கே’ எழுத்தே. எனவே ‘சயாம்’ என்னும் தலைப்பை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கித் தேடுபவர் அந்நூலைக் காணார். ‘சயாம் மரண ரயில்’ என்னும் புதினத்தை எழுதிய ஆர். சண்முகம் அவர்களின் பெயரும் இவ்விதிப்படி ‘சி’ எழுத்தில் தொடங்கி, நடுவில் ‘கே’ எழுத்தைக் கொண்டிருக்கும். நாம் அன்றாடம் எழுதும் ஆங்கில வடிவம் அதனின்று பெரிதும் வேறுபட்டது. இரு வடிவங்களையும் ‘அல்லது’ கொண்டு இணைத்தால்தான் அவர் நூல்கள் ஒருசேரக் கிட்டும். ‘தொழிலாளர்’ என்பதிலுள்ள ழகரத்தைப் பொதுவழக்கில் ஈரெழுத்தால் எழுதுகிறோம்; பட்டியலிலோ அது அடிக்கோடிட்ட ‘எல்’ ஆகும். அடிக்கோட்டையும் புள்ளியையும் புறக்கணிக்கும் தளங்களில் வலி, வளி, வழி மூன்றும் ஒரே சொல்லாகிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதில் வியப்புக்குரிய ஒன்றும் உண்டு. உரோமன் வடிவில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகளாக நிற்பதால், ‘ரயில்’ என்பதை முழுமையாக இட்டு உடுக்குறி சேர்த்தாலே ரயிலில், ரயிலை முதலியவை வந்துவிடுகின்றன. மெய்யை முதலாகக் கொள்ளும் நம் இலக்கணக் கோட்பாட்டுக்கு, இவ்வொரு செயலில், ஒருங்குறியைக் காட்டிலும் அயல் வரிவடிவம் நெருங்கி நிற்கிறது.

பட்டியலின் குறை

இதுவரை கூறியவை ஆய்வாளரின் கடமைகள். பட்டியலை உருவாக்குவோரின் கடமையையும் மதிப்பிடாமல் இக்கட்டுரை நடுநிலை உடையதாகாது.

சயாம் மரண இரயில் அனுபவத்தைப் பொருளாகக் கொண்ட மற்றொரு மலேசியப் புதினம் அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச்சின்னம்’ ஆகும். மேலே தந்த வாய்பாடு எவ்வளவு திருத்தமாக இருப்பினும் தலைப்பை மட்டும் கொண்டு இந்நூலை அடைய இயலாது. தலைப்பில் சயாமும் இல்லை, இரயிலும் இல்லை. இதனை அடைய ஒரே வழி, நூலகர் இட்ட பொருள் தலைப்பு. ஆனால், படைப்பிலக்கியத்திற்குப் ‘புதினம், தமிழ்’ என்பது போன்ற வடிவத் தலைப்பை மட்டும் இட்டு நிறுத்துவது பட்டியலாக்கத்தில் பரவலான வழக்கம். வரலாற்று நூலுக்குக் கிடைக்கும் பொருள் தலைப்பு, அவ்வரலாற்றையே சுமக்கும் புதினத்திற்குக் கிடைப்பதில்லை. தோட்டத் தமிழரின் வரலாறு பெரிதும் புதினத்திலும் சிறுகதையிலும் வாய்மொழியிலும் தங்கியுள்ள நம் நாடுகளில், இவ்வழக்கம் நம்மையே மிகுதியாகப் பாதிக்கிறது. ஆசிரியர் பெயரிலும் ரெங்கசாமி, ரங்கசாமி, இரங்கசாமி என்னும் வேறுபாடுகள் நேரக்கூடும். இவற்றை ஒரே பெயரின் கீழ் இணைக்கும் பெயர்க் கட்டுப்பாட்டுப் பட்டியல் இல்லாத இடத்தில், அவ்வேலையைத் தேடுபவரே செய்ய வேண்டியுள்ளது.

பழைய இதழ்களின் மின்வடிவங்களிலும் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் 1978இல் அறிவிக்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான ணை, லை, னை, றா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை எழுத்துணரி மென்பொருள் பிழையாகப் படிக்க இடமுண்டு. பிழையாகப் படிக்கப்பட்ட சொல்லை எந்தத் தேடற்குறியும் மீட்காது. அங்கே பக்கங்களைப் புரட்டுவதே தேடலாகும்.

மூவகை இன்மை

இவ்வாறு நோக்குமிடத்து, ‘இல்லை’ என்னும் சொல் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக் காண்கிறோம். நூல் இருந்தும் முறையாகத் தேடாமையால் காணப்படாதது முதல் வகை. நூல் இருந்தும் பட்டியலில் உரிய பொருளின் கீழ் இடம்பெறாமையால் காணப்படாதது இரண்டாம் வகை. உண்மையிலேயே எவரும் எழுதாதது மூன்றாம் வகை. முதல் வகையைத் தேடற்குறிகளால் நீக்கலாம். இரண்டாம் வகையை நூலகரோடு இணைந்து நீக்கலாம். மூன்றாம் வகை மட்டுமே புதிய ஆய்வுக்கு உண்மையான இடைவெளி. நம் ஆய்வேடுகள் மூன்றையும் ஒன்றாகக் கலந்து, மூன்றாம் வகையின் பெயரால் முன்வைக்கின்றன என்பதே நம் குறைபாடு.

இன்று இயல்பான மொழியில் வினவினாலே விடை கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன; இனித் தேடற்குறிகள் எதற்கு என்று மாணவர் கேட்பது இயல்பே. அக்கருவிகள் அறியாத சொற்களைப் பரிந்துரைக்கும் துணையாகப் பயன்படலாம். ஆனால், எச்சொல்லைத் தேடி எதை ஒதுக்கின என்பதை அவை உறுதியாகக் காட்டுவதில்லை. இல்லாத நூலை உள்ளதாகக் கூறும் இடரும் உண்டு. தேடற்குறிகளால் அமைத்த வாய்பாடோ வெளிப்படையானது. அதே தளத்தில் அதனை மற்றொருவர் இட்டுச் சரிபார்க்கலாம். விடுபட்ட சொல்லைச் சுட்டலாம். சரிபார்க்கத்தக்கதாய் இருத்தல் ஆய்வின் இலக்கணங்களுள் ஒன்று.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டின் வழி மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறோம். முதலாவது, ஆய்வு முன்னோடிகள் பற்றிய பகுதியில் தேடிய தளம், இட்ட வாய்பாடு, தேடிய நாள் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். வழிகாட்டும் பேராசிரியர்கள் இதனைக் கட்டாயமாக்கலாம். இரண்டாவது, துறைகள்தோறும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்திற்குரிய சொல்வேறுபாட்டுப் பட்டியலையும் ஆசிரியர் பெயர்ப் பட்டியலையும் தொகுத்து நூலகங்களுக்கு வழங்க வேண்டும். மூன்றாவது, புதினங்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் படித்து அவற்றின் வரலாற்றுப் பொருளைக் குறித்துத் தரும் பணியைப் பட்டப்படிப்பு மாணவர்க்குப் பயிற்சியாக அளிக்கலாம். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் பத்து நூல்களுக்குப் பொருள் குறித்தாலும் சில ஆண்டுகளில் பட்டியலின் குறை பெருமளவு நீங்கும்.

சயாமுக்குச் சென்று திரும்பாத தோட்டத் தொழிலாளருள் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறையும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்ட சில நூல்களும் தேடுவார்க்குக் கிட்டாமல் போகுமாயின், அதற்குப் போரைக் காரணம் கூற இயலாது. ‘ஆய்வு இல்லை’ என எழுதும் முன், புள்ளியை நீக்கி ஒருமுறை, எழுத்தை மாற்றி ஒருமுறை, தலைப்பை விடுத்துப் பொருளால் ஒருமுறை தேடிப் பார்ப்பது நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய குறைந்த அளவு கடனாகும்.